மீன் வண்டிக்கு ஒரு பவர் பொக்ஸ்

எங்கள் பிக்கப் வாகனத்துக்கு இழுவை குறைந்த நாட்களில் நான் சந்தேகப்படாத ஆளே ஊரில் இல்லை. இரணைமடுக் குளத்தில் வலை போடுகிறவர்களிடம் விடியற்காலையில் மீனை ஏற்றி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, வவுனியாச் சந்தையில் ஏலம் தொடங்குமுன் கொண்டுபோய் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. முதல்நாள் பின்னேரம் கிளிநொச்சிக்கு ஓடி ஐஸ் ஏற்றிவருவது என் வேலை. விடிய மீனோடு ஓடுவது என் கணவரின் வேலை. ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேருகிற ஜப்பான் மீனை, அதுதான் திலாப்பியாவை, யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

அந்த மாதத்தில் அடுத்தடுத்துப் பிந்தினோம். பாரம் ஏற்றினால் வாகனத்தின் குணமே மாறிவிடும். முன்னால் போகிற பஸ்ஸை முந்துவதற்கு மிதித்தால், மிதித்தது கேட்காதது போலக் கொஞ்சம் யோசிக்கும், கறுப்பாகப் புகைக்கும், பிறகு சோர்ந்துபோகும். புளியங்குளம் தாண்டுவதற்குள் சைக்கிள்காரன் மட்டும்தான் எங்களை முந்தாமல் இருந்தான். மீனவர் சங்கத் தலைவர் நல்ல மனிதர். அவரே ஒருநாள் என் முன்னால் வைத்துக் கணவரிடம் சொன்னார்: "தம்பி, குறை நினையாதேங்கோ. இன்னொருக்கா பிந்தினா நாங்கள் லொறிக்காரரிட்டக் குடுக்கத்தான் வேணும். மீன் ஆளைப் பாத்து நாறாமல் இருக்காது."

அந்த மீன் ஏற்றம் கைவிட்டுப் போனால் எங்களிடம் மிஞ்சுவது வாகனம் ஒன்றுதான். அதுவும் இழுக்காத வாகனம்.

முதலில் கராச்சுக்காரரைச் சந்தேகப்பட்டேன். சர்வீஸ் என்று சொல்லி நாள் முழுக்க வைத்திருந்தவர், நல்ல சாமான் எதையாவது கழற்றிக்கொண்டு தேய்ந்ததைப் பூட்டியிருக்கலாம். பிறகு லொறிக்காரர். எங்கள் ஏற்றத்தில் கண்ணாயிருக்கும் மனிதர் டாங்கிக்குள் சீனியைக் கொட்டியிருந்தால்? மூடியைத் திறந்து, ஈர்க்கை விட்டு எடுத்து, நக்கிப் பார்க்கப் போனேன். "உனக்கென்ன விசரே?" என்று கணவர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் ஆரையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர். எவர் வந்து எந்தக் கதை சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். அதனால் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஜெயபுரத்திலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்தான். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே கதையைத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், ஒரு பவர் பொக்ஸ் போடுங்க. சின்னப் பெட்டிதான். இஞ்சின்ல மாட்டிவிட்டா பேய் மாதிரி இழுக்கும். டீசலும் மிச்சம்."

"ஆர் சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"கிளிநொச்சி டவுன்ல ஒரு பொடியன் போட்டுத் தாறான். எங்க ஊர்ல மணல் ஏத்துற ஒருத்தர் போட்டிருக்கார் தங்கச்சி. சும்மா சொல்லல."

"உனக்கு என்ன தாறானாம்?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பிவிட்டான்.

எங்கள் அம்மா மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் எனத் தராசில் கழித்துக் கழித்து, கடைசியில் பறித்தவளுக்கே தான் பறித்தது உண்மையா என்று சந்தேகம் வரும்படி செய்துவிடுவார்களாம். வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய பிறகும் அம்மா அதை மறக்கவில்லை. எவர் எந்த இயந்திரத்தைக் காட்டி எதைச் சொன்னாலும், இயந்திரத்தைப் பார்க்காமல் சொல்கிறவர் முகத்தைப் பார்க்கிற வழக்கம் எங்கள் குடும்பத்துக்கு அப்படி வந்தது. அண்ணன் மட்டும் எப்படியோ அதிலிருந்து தப்பிப் பிறந்துவிட்டான்.

என் கணவருக்குப் பவர் பொக்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, கைத்தொலைபேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டார். சாப்பிடும்போதும் பவர் பொக்ஸ், படுக்கும்போதும் பவர் பொக்ஸ். நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் பளபளக்கும் வாகனத்தைத் தார் ரோட்டில் பறக்கவிட்டான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மீன் பெட்டியும் ஐஸும் ஏத்திப்போட்டு ஓடிக் காட்டட்டும், பாப்பம்," என்றேன். வீடியோவுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். எல்லாரும் ஒரே மாதிரிப் புகழ்ந்திருந்தார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவராவது குறை சொல்லாத ஒன்றை நான் இந்த மண்ணில் கண்டதில்லை.

அதே நாட்களில் கணவர்மீதும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. விடிய எழும்பியதும் முகம்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் பின்னால் போவார். ஒரு கண்ணாடிப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், நான் வரும் சத்தம் கேட்டதும் கீழே வைத்துவிடுவார். குடி தொடங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரம் போத்தலை எடுத்து மோந்து பார்த்தேன். டீசல். சாராயம் இல்லையென்றால் போதும் என்று, அன்றைக்கு அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பின்னால் எங்களிடம் ஒரு டீசல் பரல் இருந்தது. எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் பகுதியில் கனபேர் இப்படிச் சேர்த்து வைத்தார்கள். வரிசை முடிந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை. கானில் டீசல் வாங்கிவந்து பரலின் மேல்வாயால் ஊற்றுவார். வாகனத்துக்கு வேண்டியதை அடியில் இருக்கிற குழாயால் எடுப்பார். பழசு முதலில் போகட்டும் என்பது அவர் முறை. பரல் ஒரு சாண் குறைந்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்து வீட்டு ஆட்கள் "உங்கட ஆள் சொந்தமா பெற்றோல் செட் துறக்கப் போறாரோ?" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்போம்.

கிளிநொச்சியில் அந்தக் கடை, வாகனங்களுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டுகிற ஒரு கடையின் பின்பக்கம். பொடியன் எங்களைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துத் தந்தான். கேட்காமல் சோடா தருகிற கடையில் நான் கவனமாகவே இருப்பேன். மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தான். ஒன்று தீப்பெட்டியளவு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சொருகியில் குத்தினால் பச்சை லைற் மினுங்கும். மற்றது பெரிசு, வயர்களோடு இஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்ட வேண்டியது. டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று இஞ்சினுக்குச் சொல்கிற வயரில் இது இடையில் புகுந்து, குறைவு என்று சொல்லுமாம். இஞ்சினும் அதை நம்பிக் கூடத் தள்ளுமாம். மூன்றாவது வழிக்குப் பெட்டியே இல்லை, கம்பியூட்டரைக் கொண்டுவந்து இஞ்சினின் மூளையையே திருத்தி எழுதுவது.

"அப்ப இந்தப் பெரிய பெட்டியின்ர வேலை, இஞ்சினுக்குப் பொய் சொல்லுறது," என்றேன்.

"அப்பிடி இல்லை அக்கா..."

"வேற எப்பிடி? நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்."

பொடியன் சிரித்தான். கணவர் என் முழங்கையைத் தட்டினார். நான் விடவில்லை. "இழுவையும் கூடும், டீசலும் மிச்சம் எண்டு சொல்லுறியள் தம்பி. ரெண்டும் ஒருமிக்க எப்பிடி வரும்? எங்கையோ ஒண்டு குறைய வேணுமே. இஞ்சின் கெதியாத் தேயாதோ?" அவன் நீளமாக ஏதோ சொன்னான். இடையிடையே வந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. கடைசியில், "அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. சின்னதைப் போட்டு ஓடிப் பாருங்கோ. பிடிச்சாக் காசு தாங்கோ," என்றான். முதலில் காசு கேட்காத வியாபாரி என்னை இன்னும் பயப்படுத்தினான்.

பூட்டுவதற்குமுன் அவன் டீசல் பில்டரையும் மாற்றினான். புதுப் பெட்டிக்குப் பழைய பில்டர் ஒத்துவராதாம், அதற்குக் காசும் வேண்டாமாம். டாங்கியில் டீசலும் அடிமட்டத்தில்தான் கிடந்தது. பக்கத்துச் செட்டில் நிறைய அடித்துக்கொண்டு ஓடிப் பார்க்கச் சொன்னான்.

"வீட்டில இருக்குது," என்றார் கணவர்.

"அண்ணை, வீட்டுக்குப் போகவே காணாது போல இருக்கு."

கணவர் மனமில்லாமல் அடித்தார். பழைய பில்டரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுவராவிட்டால் அதைத் துடைத்து இன்னொருவர் வாகனத்தில் பூட்டிவிடுவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. பொடியனுக்கு அதைத் தர விருப்பமில்லை. "ஊத்தை அக்கா, சீலையெல்லாம் பிரளும்," என்றான். அவன் மறித்ததாலேயே எனக்கு அது கட்டாயம் வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாள் வாகனம் பறந்தது. கணவர் வவுனியாவிலிருந்தே எனக்குப் போன் எடுத்தார். ஏலத்துக்குமுன் போய்ச் சேர்ந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டாராம். அவர் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்க எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனாலும் பின்னேரம் ஐஸுக்குப் போகும்போது அந்தப் பெட்டியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஐஸ் முழுவதும் ஏற்றிக்கொண்டு இரணைமடுச் சந்தியால் திரும்பும்போது நன்றாக மிதித்துப் பார்த்தேன். பெட்டி கைப்பைக்குள் சீப்போடும் சில்லறையோடும் கிடந்தது. வாகனம் அதே பறப்புப் பறந்தது.

பிடித்தேன் கள்ளனை என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம். வீட்டுக்கு வந்து பழைய பில்டரைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள் கவிழ்த்தேன். முதலில் மண்ணிறமாக ஏதோ வழிந்தது. பிறகு பாசி போல ஒரு கறுப்புச் சளி. கொஞ்சம் தெளியவிட்டுப் பார்த்தால், போத்தலின் அடியில் தனியாகத் தண்ணீர் நின்றது. பொடியன் கெட்டிக்காரன். வாகனத்துக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று பார்த்த உடனேயே அவனுக்கு விளங்கியிருக்கிறது. வருத்தத்தைப் பில்டரால் மாற்றிவிட்டு, பெயரைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டான்.

அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் என் புளுகம் அடங்கியது. செட்டை நான் சந்தேகப்படலாம், லொறிக்காரரைச் சந்தேகப்படலாம். ஆனால் எங்கள் வாகனம் குடித்ததெல்லாம் எங்கள் பரலில் இருந்து, அதுவும் அடிக்குழாயில் இருந்து. மாரி மழை மூடியால் இறங்கியதோ, உள்ளே வேர்த்து ஊறியதோ, தண்ணீரெல்லாம் அடியில் கிடந்து முதலில் வாகனத்துக்குத்தான் போயிருக்கிறது.

நான் உடனே சொல்லவில்லை. உறுதிப்படுத்தாமல் வாய் திறந்தால் "நீ எல்லாத்திலையும் ஒண்டு கண்டுபிடிப்பாய்" என்று சொல்லிவிடுவார். பெட்டியைத் திரும்பவும் குத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டில் அடித்தது முடிந்தது. அவர் வழக்கம்போலப் பரலில் இருந்து ஊற்றினார். சில நாள் ஓடியது. பிறகு ஒரு காலையில் மாங்குளத்தடியில் வாகனம் பழையபடி யோசிக்கத் தொடங்கியதாம். பச்சை லைற் மட்டும் நன்றாக மினுங்கிக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு ஏலம் முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

வந்ததும் கதிரையில் இருந்து, "சின்னது காணாது. பெரிய பொக்ஸ்தான் போடவேணும்," என்றார்.

நான் ஜாம் போத்தலைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். பில்டர் கதையையும், பெட்டியைக் கைப்பைக்குள் வைத்து ஓடிய கதையையும் சொன்னேன். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். பொடியனைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போத்தலைத் தொடவே இல்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"பரலுக்க தண்ணி நிக்குது. கொஞ்ச நாளா எடுத்து எடுத்துப் பாக்கிறனான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. விடிய விடிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இதைத்தான். நான் ஊரில் உள்ள எல்லாரையும் கள்ளனாக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டு பவர் பொக்ஸ் வீடியோ பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சுகொண்டோ ஊத்தினீங்கள்? ஏற்றம் போகப்போகுதெண்டு தெரியாதே உங்களுக்கு? அந்தப் பரலைக் கவிட்டு ஊத்திப்போட்டு செட்டில அடிச்சா முடிஞ்சுதே!"

"பரலை ஊத்தேலாது."

"ஏன் ஏலாது? வரிசைக் காலம் முடிஞ்சு எவ்வளவு காலம்!"

"வரிசையால இல்லை," என்றார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

அவருடைய அம்மா யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் வழியில் இறந்துபோனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் கலியாணம் மீள்குடியேறிய பிறகுதான் நடந்தது. அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கிண்டியதில்லை. அவர்களுடைய உழவு இயந்திரம் விசுவமடு தாண்டி நின்றுவிட்டதாம். டீசல் இல்லை. அம்மாவுக்குக் கடுமையான இழுப்பு. உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் நெல்மூட்டையோடு சாய்த்து இருத்திவிட்டு, இவர் கானைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போனாராம். வாகனம் வாகனமாய்க் கேட்டாராம். இருந்தவர்களும் கொடுக்கவில்லை, அவர்களையும் பிழை சொல்ல முடியாது என்றார். கடைசியில் யாரோ ஒருவர் ஒரு போத்தல் டீசல் கொடுத்தாராம்.

"கொண்டு வாறன், அம்மா அப்பிடியே இருக்கிறா. நித்திரை எண்டுதான் நினைச்சனான். கால் சூடாத்தான் இருந்தது." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்த ஒரு போத்தல் டீசல், அவவை அடக்கம் செய்யக் கொண்டுபோகத்தான் காணுமாயிருந்தது."

எனக்கு அழுகை வந்தது. கையைப் பிடித்து, சரி, பரல் இருக்கட்டும், பெரிய பெட்டியையே வாங்குவோம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அவர் அந்தப் பெட்டியைத் தேடியது ஏன் என்று அப்போது எனக்கு முழுதாக விளங்கியது. பரலையும் விடாமல் ஏற்றத்தையும் விடாமல் இருக்க ஒரு வழி தேடியிருக்கிறார். ஆனால் என் பிறவிக் குணம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அந்தப் பரலையும் நான் நம்பவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றேன். "நாளைக்கே ஓடவேண்டி வந்திட்டுது எண்டு வையுங்கோ. பிள்ளையளை ஏத்திப்போட்டு, இந்தப் பரலால ஊத்திக்கொண்டு வெளிக்கிடுறம். எங்க மட்டும் போவம்?"

அவர் பரல் இருக்கிற பக்கம் பார்த்தார்.

"மாங்குளம் தாண்டுவமே? நடுரோட்டில நிக்கப்போறம். டீசல் இல்லாமல் இல்லை, டாங்கி நிறைய இருந்தும் நிக்கப்போறம்."

சொல்லியிருக்கக்கூடாதோ என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் எழும்பிப் பின்னால் போனார். நான் பின்னாலேயே போகவில்லை. குழாய் திறக்கிற சத்தமும் கானுக்குள் விழுகிற சத்தமும் குசினிக்குள் கேட்டது. பரல் வெறுமையாகும்வரை, பொழுதுபடும் வரைக்கும் கேட்டது. சின்னப் பெட்டியை அடுத்த நாள் நானே கொண்டுபோய்ப் பொடியனின் மேசையில் வைத்தேன். பில்டர்க் காசைக் கணக்காகக் கொடுத்தேன். வடிவாக வேலை செய்த பில்டருக்கு நன்றியும் சொன்னேன். அவன் முகம் அப்போது பார்க்கத்தக்கதாக இருந்தது.

அதன்பிறகு நாங்கள் பிந்தவில்லை, ஏற்றம் எங்களிடமே இருக்கிறது. ஐஸோடு வரும்போது செட்டில் டாங்கியை நிரப்பிக்கொண்டு வருவதும் என் வேலையாகிவிட்டது. வந்து இறங்கியதும் கேட்பார்: "நிறைய அடிச்சனியோ?"

"ஓம், நிறைய."

நம்பமாட்டார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய், சாவியைத் திருப்பி டீசல் முள்ளைப் பார்த்துவிட்டு வருவார். சாப்பாட்டின் நடுவில் எழும்பிப் போய்த் திரும்பவும் பார்த்துவிட்டு வருவார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, அவர் போய் வரும்வரை சோற்றை மூடிவைக்கப் பழகிக்கொண்டேன்.

அண்மையில் ஒரு பின்னேரம் நான் போனபோது செட்டில் டீசல் முடிந்திருந்தது. பவுசர் அடுத்த நாள்தான் வருமாம். டாங்கியில் பாதி இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நிறைய இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். சாப்பாட்டுக்கு இருக்கும்போது கேட்டார்.

"இல்லை," என்றேன். "செட்டில முடிஞ்சுது. பாதிதான் இருக்கு. வவுனியா போய் வரக் காணும்."

அவர் கை கோப்பையில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"நீ வடிவாப் பாத்தனிதானே?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவள் நான்.